ஓர் இதழுக்கு இருபது சொந்தக்காரர்கள்: பழைய சிற்றிதழ்களை இணையத்தில் ஏற்றுமுன் அனுமதி வாங்கும் விதம்

முப்பத்தோரு வருடம் கும்பகோணத்தில் பத்திரம் எழுதியவன் நான். இலக்கியத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, சாயங்காலம் நூலகத்தில் வார இதழ் புரட்டுவதோடு சரி. கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்த நேரத்தில், கல்லூரியில் தமிழ் நடத்தும் என் மருமகள், அதாவது தங்கை மகள், வந்தாள். "மாமா, ஒரு வாத்தியார் வீட்டுப் பரண்ல 212 சிற்றிதழ் கிடைச்சிருக்கு. ஸ்கேன் பண்ணி இணையத்துல போடப் போறோம். யார் யார்கிட்ட அனுமதி வாங்கணும்னு பார்க்க ஒரு ஆள் வேணும்" என்றாள். எனக்கு இலக்கியம் தெரியாதே என்றேன். "வில்லங்கம் பார்க்கத் தெரியுமில்ல? அது போதும்."

நான்கு வருடம் ஆகிறது. அவள் சொன்னது சரிதான். இது முக்கால்வாசி வில்லங்கம் பார்க்கிற வேலை. இதே மாதிரி பழைய இதழ்களையோ புத்தகங்களையோ மின்காப்பகமாக்க நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் செய்ததையும் சொதப்பியதையும் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

முதலில் ஒரு சொல். இதைப் பலர் காப்புரிமை என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு வாங்குவது. எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை. குடும்பத்தாரிடம் பேசும்போது இரண்டையும் குழப்பினால், "இதுக்கு நாங்க எங்கேயும் பதிவு பண்ணலையே, அப்ப உரிமை கிடையாதா?" என்று பயந்துவிடுகிறார்கள். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதிய அன்றே பிறந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் நடப்பில் உள்ளது. நடுவே பல தடவை திருத்தியிருக்கிறார்கள்.

இதழ்களை எண்ணாதீர்கள்

212 இதழ் என்றதும் 212 அனுமதி என்று நினைத்தேன். ஒரு 1963 இதழைப் பிரித்துப் பார்த்தோம். 48 பக்கம். தலையங்கம் ஒன்று, கதை மூன்று, கவிதை ஏழு, பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த கட்டுரை ஒன்று, மதிப்புரை இரண்டு, வாசகர் கடிதம் நான்கு, அட்டையில் ஒரு கோட்டோவியம். பத்தொன்பது உருப்படி. மொழிபெயர்ப்புக்கு மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டு பேர், ஆக இருபது சொந்தக்காரர்கள். வாசகர் கடிதத்துக்குமா என்று கேட்காதீர்கள். கடிதமும் எழுத்துதான்.

என் பாஷையில் சொன்னால், இதழ் என்பது சர்வே எண். உள்ளே இருப்பவை உட்பிரிவுகள். உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் பட்டா வேறு பேரில் இருக்கும். எங்களுடைய 212 இதழ்களும் 3,740 உருப்படிகளாக விரிந்தன. அந்தக் கணக்கைப் பார்த்த அன்று என் மருமகள் முகம் விழுந்துவிட்டது. ஆனால் ஒரே ஆள் பல இதழில் எழுதியிருப்பார் இல்லையா? பெயர்களை ஒன்றுசேர்த்ததும் 611 பேர் என்று வந்தது. அது மலைதான், ஆனாலும் ஏறக்கூடிய மலை.

ஸ்கேன் செய்பவர்கள் வேலையைத் தொடங்கும் அன்றே இந்தப் பட்டியலையும் தொடங்கிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களை வைத்துக்கொண்டு, ஒன்றையும் வெளியிட முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியல் எக்செல்லில் இருந்தால் போதும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எங்கள் பட்டியலில் இதழ், பக்கம், தலைப்பு என்ற சாதாரணப் பத்திகள் போக, அச்சில் உள்ள பெயருக்கு ஒரு பத்தி, இயற்பெயருக்கு ஒரு பத்தி. இந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாக்காதீர்கள். தமிழில் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் புனைபெயரில்தான் எழுதினார்கள். ஒரே ஆள் கதைக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர், சண்டை போடும் கட்டுரைக்கு இன்னொரு பெயர் வைத்துக்கொண்டதும் உண்டு. அதற்கடுத்த பத்திதான் என் செல்லப்பிள்ளை: "எப்படித் தெரியும்?" இன்னார்தான் அவர், இன்ன வருடம் இறந்தார் என்று எழுதினால், அதை யார் சொன்னார்கள், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று எழுதியாக வேண்டும். பத்திரத்தில் தாய்ப் பத்திர எண்ணைக் குறிப்பிடுகிற மாதிரி. அது இல்லாத தகவலை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை, சொன்னவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும்.

கடைசிப் பத்தியில் ஒற்றை எழுத்து. பதிப்புரிமைக் காலம் முடிந்து, யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவுக்கு வந்துவிட்டதென்றால் பொ. அரசே உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய நாட்டுடைமை என்றால் நா. அனுமதி கிடைத்தால் அ. மறுத்தால் ம. தேடிக்கொண்டிருந்தால் தே. எழுத்து விழாத எதுவும் இணையத்துக்குப் போகாது. தே விழுந்த உருப்படியும் போகாது.

இறந்த வருடம்

நம் சட்டத்தில் எழுதியவர் ஆயுள், அதற்குமேல் 60 ஆண்டு. எண்ணுவது இறந்த நாளிலிருந்து அல்ல, அதற்கடுத்த ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து. பாரதிதாசன் 1964 ஏப்ரலில் மறைந்தார். 1965 ஜனவரியில் எண்ணத் தொடங்கினால் 2024 டிசம்பர் 31இல் முடிகிறது. (அவர் எழுத்தை அரசு அதற்கு வெகுகாலம் முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. கணக்கைக் காட்டுவதற்காகச் சொல்கிறேன்.) நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1960இல் மறைந்தார், ஆகவே 2021 ஜனவரி முதல் தடையில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கு.ப. ராஜகோபாலனும் ந. பிச்சமூர்த்தியும் நண்பர்கள், சமவயதுக்காரர்கள், ஒரே காலத்தில் எழுதியவர்கள். கு.ப.ரா. 1944இல் போய்விட்டார். பிச்சமூர்த்தி 1976 வரை இருந்தார். சட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் முன்னவர் எழுத்து 2005இலேயே பொதுவுக்கு வந்துவிட்டது. பின்னவர் எழுத்துக்கு 2037 வரை பொறுக்க வேண்டும். ஒரே இதழில் அடுத்தடுத்த பக்கத்தில் இருவர் கதையும் இருந்தாலும் நடுவில் 32 வருட வேலி. நீண்ட ஆயுள் நமக்குத்தான் வேலை வைக்கிறது. 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா 1998இல் மறைந்தார். அவருக்கு 2058 வரை போகிறது.

இந்த அறுபதும் முதலில் ஐம்பதாகத்தான் இருந்தது. தாகூர் 1941இல் மறைந்தார், 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவுக்கு வரவேண்டிய சமயத்தில் பத்து வருடம் நீட்டித்தார்கள். பழைய புத்தகங்களில் ஐம்பது என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கிளைக்கணக்குகள் சில உண்டு. எழுதியவர் இறந்தபிறகுதான் முதன்முதலாக அச்சாயிற்று என்றால், அச்சான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60. இரண்டு பேர் சேர்ந்து எழுதியது என்றால் கடைசியாக இறந்தவரை வைத்து எண்ண வேண்டும். மொழிபெயர்ப்பில் மூலம் பொதுவுக்கு வந்திருக்கலாம், மொழிபெயர்ப்பாளர் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். புனைபெயரில் வந்து, ஆள் யாரென்றே தெரியாவிட்டால் வெளியான வருடத்தை வைத்து 60. இந்தக் கடைசிக் கணக்கில்தான் நான் வசமாக மாட்டினேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுத்தாளர் இலங்கைக்காரர் என்றால் அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 ஆண்டு. மலேசியா என்றால் 50. எங்கள் இதழ்களில் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர்கள் நிறைய. நாங்கள் அந்நாட்டுக் கணக்கு, நம் நாட்டுக் கணக்கு இரண்டையும் போட்டு, எது பிந்தி முடிகிறதோ அதை எடுத்துக்கொள்கிறோம். சட்டம் அவ்வளவு கேட்காமல் இருக்கலாம். கணினியை யார் எந்த நாட்டில் உட்கார்ந்து திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாதே. ஈழத்து எழுத்தாளர்களைப் பற்றித் தேடும்போது முதலில் 'நூலகம்' என்ற பெயரில் உள்ள ஈழத்து மின்னூலகத் தளத்தைப் பாருங்கள். 2005இலிருந்து அவர்கள் இதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

நாட்டுடைமை

1949இல் பாரதியின் எழுத்துரிமையை அன்றைய சென்னை அரசு வாங்கியதில் தொடங்கி, தமிழ்நாட்டில் இது ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்துவிட்டது. அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது, எழுத்து எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. பட்டியலைத் தமிழ் வளர்ச்சித் துறையிடம் பார்க்கலாம். அந்த நூல்களில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. புதுமைப்பித்தன், கல்கி எல்லாம் அறுபது ஆண்டு முடிவதற்கு முன்பே இப்படி வந்தவர்கள்தான்.

எழுத்தாளர் பெயர் பட்டியலில் இருப்பதைப் பார்த்தவுடன் புத்தகத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். நாட்டுடைமையானது அவர் எழுத்து மட்டும். அதே புத்தகத்தில் வேறொருவர் எழுதிய முன்னுரை, பதிப்பாசிரியர் உழைத்து எழுதிய அடிக்குறிப்பு, ஓவியர் வரைந்த படம் எதுவும் அதில் சேராது. பழைய பதிப்பாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். அரசாணை எண்ணைப் பட்டியலில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் போதாது

சிற்றிதழ் நடத்தியவர் உயிரோடு இருந்தால், அவரைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். எண்பதைத் தாண்டிய ஒருவர், நாங்கள் இதழ்களை மேசையில் பரப்பியதும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். "எல்லாத்தையும் போட்டுக்கோங்க, நான் எழுதித் தர்றேன்" என்றார். தந்தார். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டுவிட முடியாது.

சம்பளத்துக்கு வேலை பார்த்த நிருபர் எழுதியது என்றால்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகை முதலாளிக்குப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான். மீதியெல்லாம் எழுதியவருடையது. சிற்றிதழ்களில் சம்பளம் ஏது? கதை அனுப்பியவருக்கு ஒரு இதழ் இலவசமாகப் போனால் பெரிது. எழுத்தில் எதையும் எழுதி வாங்கவில்லை. ஆகவே உரிமை எழுதியவரிடமே தங்கிவிட்டது. தொகுத்தவர் என்ற முறையில் ஆசிரியர் அனுமதி வேண்டும், அவர் எழுதியவற்றுக்கும் வேண்டும். மற்றவர்களுக்கு அவர் பேச முடியாது. ஆனால் அவரிடம் முகவரி நோட்டு இருக்கும். கையெழுத்தைவிட அந்த நோட்டுதான் எங்களுக்குப் பயன்பட்டது.

பிற்பாடு அதே கதை தொகுப்பாக வந்திருந்தால் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கால அளவு சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் கொள்கிறது. 1995 மே மாதத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் தேதியைப் பார்க்காமல் பேசாதீர்கள்.

படங்களை மறந்துவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. கே.எம். ஆதிமூலம் எத்தனையோ அட்டைகளுக்கு வரைந்திருக்கிறார், 2008இல்தான் மறைந்தார். அட்டைக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு. முன்பெல்லாம் புகைப்படங்களுக்கு, வெளியான வருடத்தை வைத்துக் கணக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு அவையும் எடுத்தவர் ஆயுளோடு சேர்ந்துகொண்டன.

கருமாதிப் பத்திரிகை

இறந்தவர் பதிப்புரிமை, உயில் இல்லாவிட்டால், மற்ற சொத்து மாதிரியே வாரிசுகளுக்குப் போகிறது. இந்து வாரிசுரிமையில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாயார், எல்லோருக்கும் சம பங்கு. பெரிய பையன் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கல்யாணமாகிப் போன மகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பத்தோரு வருடத்தில் விட்டுப்போன மகள் கையெழுத்தால் எத்தனை கிரயம் கோர்ட்டுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியும். கதையில் காசு இல்லை, ஆனால் அப்பா மேல் பாசம் இருக்கிறது. அது காசைவிடப் பெரிய வழக்கு.

வாரிசுகள் யார் யார் என்று தெரிந்துகொள்ள நான் கண்ட சுலப வழி கருமாதிப் பத்திரிகை. மகன்கள், மகள்கள், மருமக்கள், எந்த ஊர், என்ன வேலை, எல்லாம் அச்சில் இருக்கும். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலைவதற்கு முன், வீட்டில் ஒரு பழைய பத்திரிகை இருக்கிறதா என்று கேளுங்கள். பூஜை அறை இழுப்பறையிலோ பீரோ அடித்தட்டிலோ நிச்சயம் ஒன்று கிடக்கும்.

ஆளையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், சாகித்திய அகாதெமி வெளியிட்ட இந்திய எழுத்தாளர் விவரத் தொகுப்பில் பழைய முகவரி கிடைக்கலாம். வேலை பார்த்த பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், மின்வாரியம் என்று போய் ஓய்வூதியம் வாங்குகிறவர்களை விசாரியுங்கள். பழைய முகவரியில் வீடு மாறியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போவதைவிட, தெருமுனை இஸ்திரிக் கடைக்குப் போங்கள். யார் எந்தப் பிள்ளையோடு எந்த ஊருக்குப் போனார்கள் என்பது அங்கே தெரியும்.

ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துப் போகாதீர்கள்

முதல் வீடு மயிலாடுதுறையில். பழக்க தோஷத்தில் நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் அனுமதியைத் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். எழுத்தாளரின் மனைவி, எண்பது வயது இருக்கும், மோர் கொடுத்தார், அவர் எழுதிய பேனாவை எடுத்துக் காட்டினார், எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். உள்ளேயிருந்து மகன் வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், எந்த ஊர்ல பத்திரம் எழுதறீங்க?" என்றார். வீட்டு மனையில் ஏற்கெனவே பங்காளித் தகராறு இருந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் வாசலில் நின்றோம்.

மூன்று மாதம் கழித்து என் மருமகள் மட்டும் போனாள். வெள்ளைத்தாளில் அரைப்பக்கம். அவருடைய நான்கு கதைகள் வந்த பக்கங்களை அச்செடுத்து, நூலில் கோத்து, அந்த அம்மா கையில் கொடுத்திருக்கிறாள். அவரிடமே அந்தக் கதைகள் இல்லை. ஒன்றை அவர் படித்ததே இல்லையாம். அன்றே கையெழுத்து.

அனுமதிக்கு எழுத்து வேண்டும், அவ்வளவுதான், முத்திரைத்தாள் வேண்டாம். நமக்குத் தேவையானது கிரயம் இல்லை, குத்தகைகூட இல்லை. வழிநடைப் பாத்தியம். நிலம் அவர்களுடையது, நாம் நடந்து போகிறோம், வேறு யாரும் நடக்கலாம், நாளைக்கு அவர்கள் விற்றாலும் நமக்குச் சங்கடமில்லை. இப்படிச் சொன்னால் தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் விளங்கிவிடுகிறது.

அரைப்பக்கத்தில் நாங்கள் எழுதுவது இது: "கீழே பட்டியலிட்டுள்ள படைப்புகளை ஸ்கேன் படமாகவும் எழுத்து வடிவிலும் எல்லோரும் இலவசமாகப் படிக்கவும் பதிவிறக்கவும் உங்கள் காப்பகத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறேன். பதிப்புரிமை எங்களிடமே இருக்கிறது. புத்தகமாகவோ படமாகவோ ஆக்க வேண்டுமானால் எங்களைக் கேட்க வேண்டும். நாங்கள் எழுதிக் கேட்டால் முப்பது நாளில் எடுத்துவிட வேண்டும். உங்கள் அமைப்பு மூடப்பட்டால் இதே நிபந்தனையோடு வேறொரு இலவசக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம்." கீழே படைப்புப் பட்டியல், எல்லா வாரிசுகளும் கையெழுத்து, தேதி, பெயரை எப்படிப் போட வேண்டும் என்ற விருப்பம்.

கடைசி வாக்கியத்தை முதல் அறுபது கடிதங்களில் எழுத மறந்தோம். காப்பகங்கள் சாகும் என்று அப்போது தோன்றவில்லை. பிறகு அறுபது வீட்டுக்கும் மறுபடி மோர் குடிக்கப் போனோம்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கேட்கலாமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான், பல இலவச மின்னூல் முயற்சிகள் அதில்தான் நடக்கின்றன. ஆனால் ஒருமுறை அந்த உரிமத்தில் வெளியிட்டால், வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது. இதை விளங்கச் சொல்லாமல் வயதானவர்களிடம் கையெழுத்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும் விளக்கிச் சொல்லி, ஒரு வாரம் யோசிக்கச் சொல்லித் தருகிறோம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக "ஓகே அங்கிள், போட்டுக்கோங்க" என்பார்கள். குரல் போதாது. அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் என்று எழுதிப் பதில் போடச் சொல்லுங்கள். அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். போன் மாறும், எண் மாறும், கோப்பு இருக்கும்.

மறுத்தவர்களும் கிடைக்காதவர்களும்

மறுத்தால் மறுப்புதான். கெஞ்ச வேண்டாம். ஒரு மகன், அப்பா தன் இளம்வயதுக் கவிதைகளை வெறுத்தார், அதனால் வேண்டாம் என்றார். அதைவிட நியாயமான காரணத்தை நான் எந்தப் பத்திரத்திலும் எழுதியதில்லை. அந்த மாதிரிப் பக்கங்களை வெட்டி எறியாமல், அதே இடத்தில் ஒரு சாம்பல் பக்கம் வைக்கிறோம்: தலைப்பு, பெயர், "உரிமையாளர் விருப்பப்படி காட்டப்படவில்லை". பக்க எண் மாறாது. ஆய்வு செய்கிறவருக்கு, இன்ன இதழில் இப்படி ஒன்று இருக்கிறது என்றாவது தெரியும்.

கிடைக்காதவர்கள்தான் கழுத்துவரை. 611 பேரில் இன்றைக்கும் 230 பேர் தே. இவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. எழுதியவர் இறந்தோ, யாரென்று தெரியாமலோ, உரிமையாளர் தேடியும் கிடைக்காமலோ இருந்தால் 31ஏ பிரிவில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குமுன் நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள், இப்போது நீதிமன்றம் போக வேண்டும். நான்கு வரிக் கவிதைக்கு இதைச் செய்ய எங்களால் ஆகாது. பெரிய நாவல், அவசியம் வெளிவர வேண்டியது என்றால் யோசிக்கலாம்.

நாங்கள் செய்வது, தலைப்பையும் பெயரையும் மட்டும் அட்டவணையில் போட்டு, "இவரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்" என்று கேட்பது. போன வருடம் மட்டும் முப்பத்தெட்டுப் பேர் அப்படித்தான் கிடைத்தார்கள், பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் தாத்தா பெயரைத் தேடி வந்தது. "முகவரியில் இல்லை" என்று திரும்பி வந்த அஞ்சல் உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேடினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. என்னிடம் ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருக்கிறது.

பல்லி

இப்போது என் கதை. 1961இல் வந்த ஒரு சிறுகதை. ஆண் புனைபெயர். இதழாசிரியருக்கும் யாரென்று நினைவில்லை, முகவரி நோட்டிலும் இல்லை. ஆள் தெரியாத புனைபெயர், வெளியாகி அறுபது ஆண்டு, 2021 டிசம்பரோடு முடிந்தது என்று கணக்குப் போட்டு, 2022 ஜனவரியில் பொ என்று போட்டு ஏற்றினேன். "எப்படித் தெரியும்?" பத்தியில் "விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை" என்று எழுதினேன். யாரை விசாரித்தேன் என்று எழுதவில்லை. விசாரித்தது இரண்டே பேரை.

மார்ச்சில் ஸ்ரீரங்கத்திலிருந்து போன். "தம்பி, அந்தக் கதையை எழுதினவ நான்தான். இன்னும் இருக்கேன்." எண்பத்து நான்கு வயது. பேத்தி கைபேசியில் காட்டியிருக்கிறாள். 1978இல் வந்த தன் தொகுப்பின் முன்னுரையில் அந்தப் புனைபெயர் தன்னுடையதுதான் என்று எழுதியிருந்தார். பதிப்பாளர் குறிப்பிலும் அதே தகவல். அறுபது ஆண்டு முடிவதற்குள் ஆள் யாரென்று வெளிப்பட்டுவிட்டால் கணக்கு அவர் ஆயுளுக்கு மாறிவிடும். அதாவது அந்தக் கதைக்கு இன்னும் எண்ணவே தொடங்கவில்லை. அந்தத் தொகுப்பு எங்கள் நூலகத்திலேயே, நான் தினம் உட்காரும் மேசைக்குப் பின் அலமாரியில் இருந்தது.

அன்று சாயங்காலமே கதையை எடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், தப்புதான் அம்மா என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "அதை விடுங்கோ. மூணாவது பக்கத்துல பாத்தேளா?" என்றார். எடுத்துப் பார்த்தேன். 'சுவரில் பள்ளி ஓடியது' என்று இருந்தது. பல்லி. அச்சுக் கோத்தவர் கைங்கரியம். "அறுபத்தோரு வருஷமா அந்தப் பள்ளி ஓடிண்டே இருக்கு. அதைத் திருத்தறதா இருந்தா போட்டுக்கோங்கோ."

திரும்பி வந்து இதைச் சொன்னதும் என் மருமகள் தயங்கினாள். ஸ்கேன் படத்தில் கை வைக்கக்கூடாது, அது ஆவணம். பதிப்புரிமை முடிந்துபோன எழுத்தில்கூட, எழுதியவர் பேருக்குக் களங்கம் வரும்படி மாற்றினால் குடும்பத்தார் கேட்கலாம் என்று 57ஆம் பிரிவு இருக்கிறது. அதனால் எழுத்து வடிவத்தில்கூட நாமாக எதையும் திருத்துவதில்லை என்பது அவள் வைத்திருந்த விதி. எழுதியவரே கேட்கும்போது என்ன செய்வது? கடைசியில் படம் படமாகவே இருக்கட்டும், எழுத்து வடிவில் மட்டும் திருத்தி, கீழே 'ஆசிரியர் விருப்பப்படி' என்று குறிப்புப் போடலாம் என்று முடிவானது. போனில் சொன்னேன். "படத்துல பள்ளியே இருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

பதினோரு நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. பட்டியலில் பொ-வை அடித்து அ போட்டேன். "எப்படித் தெரியும்?" பத்தியில், "நேரில் பார்த்தேன், ஸ்ரீரங்கம்" என்று எழுதி, நிபந்தனைப் பத்தியில் இப்படி ஏற்றினேன்: பக்கம் 3, பத்தாவது வரி, பல்லி.